மட்டக்கம்பும் லயக் காம்பராவும்

பலாங்கொடையைக் கடந்து, பெலிஹுல்ஓயாவின் பாலத்தைத் தாண்டி, மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்தேறும் கொழும்பு வீதி ஹல்துமுல்லையை அடையுமிடத்தில், வலப்புறத்து நிலம் அற்றுப்போய்த் தெற்குச் சமவெளி கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்க, இடப்புறத்தில் அப்புத்தளை மலைத்தொடர் வரை தேயிலை அடுக்கடுக்காய் ஏறிச் செல்லும் காட்சியைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். வழிப்போக்கர் அதனை இயற்கையின் வனப்பென்று கருதி வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகின்றனர். ஆனால் அந்தப் பச்சை மேடையின் சமம் இயற்கை தந்ததன்று. தன்போக்கில் விட்டால் முப்பதடிக்கும் மேலாக மரமாய் ஓங்கிவிடக்கூடிய தேயிலையை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, துளிர்த்து வந்தபின் ஏழெட்டு நாளுக்கொரு முறை கொழுந்தெடுத்து, இடுப்பளவு உயரத்தில் நிறுத்தி வைத்திருப்பவை மனிதக் கைகள். கொழுந்தெடுக்கும் பெண் தன் நிரையில் நின்றுகொண்டு, நேரான மெல்லிய கம்பொன்றைச் செடியின் தலைமேல் கிடத்தி, அதற்கு மேலே எழுந்து நிற்கும் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் மட்டுமே கிள்ளிக் கூடையில் எறிகிறாள். அந்தக் கம்புக்கு மட்டக்கம்பு என்று பெயர். காசு பெறாத அந்தக் குச்சிதான் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை ஒரே மட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கும் அளவுகோல். அதை ஒரு மாதம் எடுக்காமல் விட்டால் மலையின் உருவமே மாறிப்போகும்.

இக்காலத்தில் கணினித் திரைக்கும் கைப்பேசிச் செயலிக்கும் உருவம் அமைக்கும் தொழிலில் ‘டிசைன் சிஸ்டம்’ என்றொரு சொல் பெருவழக்காயிருக்கிறது. வடிவமைப்பு முறைமை என்று நாம் அதைச் சொல்லலாம். ஒரே நிறுவனத்துக்காகப் பத்துக் குழுவினர் தனித்தனியே வேலை செய்யும்போது, பொத்தான் ஓரிடத்தில் வட்டமாகவும் மற்றோரிடத்தில் சதுரமாகவும், நீலம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு நீலமாகவும் போய்விடுகிற சங்கடத்தைத் தவிர்க்க, நிறம், எழுத்து, இடைவெளி, படிவம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பொதுவான பெயரும் அளவும் வகுத்து, எல்லாரும் அவற்றையே எடுத்தாளும்படி செய்வதுதான் அதன் சாரம். கூகுள் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘மெட்டீரியல் டிசைன்’ என்ற பெயரில் வெளியிட்ட நெறித்தொகுதி இவற்றுள் உலகறிந்த ஒன்று. இந்தத் தொழிலில் அனுபவம் பெற்றவர்கள், முறைமையை வகுப்பதைக் காட்டிலும் அதைப் பேணுவதே கடினம் என்றும், அதற்கென்று பொறுப்பாளர் ஒருவரும், பயன்படுத்துவோர் காணும் குறை வகுத்தவரிடம் திரும்பி வந்து சேர ஒரு வழியும் இல்லாவிட்டால் எவ்வளவு அழகிய முறைமையும் சில ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்றும் ஒருமுகமாகக் கூறுகின்றனர். இதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் ஹல்துமுல்லையை உள்ளடக்கிய ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களையே நாடுகிறது. ஏனெனில், ஒரே மலையில், ஒரே காலத்தில், ஒரே நிர்வாகத்தின் கையால் இரண்டு முறைமைகள் அங்கே வகுக்கப்பட்டன. ஒன்று இலைக்கு, மற்றொன்று மனிதருக்கு. இரண்டும் நூறாண்டுக்கு மேல் நிலைத்திருக்கின்றன. ஆனால் நிலைத்த விதம் வேறு.

ஊவாச் சரிவுகளில் தேயிலைக்கு முன் ஆட்சி செலுத்தியது கோப்பி. அதன் இலையைத் தின்ற பூஞ்சை நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் ஊவாவிலேதான். 1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றில் தோன்றிய அந்தத் துருநோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் துரைமாரை ஓட்டாண்டியாக்கிற்று. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன்பின் மலைநாட்டை மூடியது. இம்மாற்றத்தில் பயிர் மட்டும் மாறவில்லை. கோப்பிக் கொட்டையைக் கழுவி உலர்த்தி மேல்தோலோடு மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டால் மிகுதி வேலையை அங்குள்ள பண்டகசாலைகள் பார்த்துக்கொண்டன. தேயிலை அப்படிக் காத்திராது. காலையில் கிள்ளிய கொழுந்து மறுநாளைக்குள் வாடி, சுருண்டு, புளித்து, உலர்ந்து, தேநீருக்குரிய தூளாகிவிட வேண்டும். ஆகவே தோட்டந்தோறும் ஒரு தொழிற்சாலை எழுந்தது. தொழிலாளர் அதனை இன்றும் ‘ஸ்டோர்’ என்றே சொல்கின்றனர். நூற்றுக்கணக்கான ஸ்டோர்கள், ஒன்றையொன்று பாராமல், தத்தம் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பத் தேயிலை செய்தால், ஆயிரக்கணக்கான மைலுக்கப்பாலிருந்து வாங்குகிறவன் எதை நம்பி வாங்குவான்? இந்தக் கேள்விக்கு விடையாகத் தோன்றியதுதான் தரப்பெயர் என்னும் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டின் பேரழகு ஸ்டோரின் சல்லடை அறையில் பிரத்தியட்சமாகத் தெரியும். மேல்மாடிகளில் இரவு முழுவதும் வாட்டப்பட்ட கொழுந்து, கீழே உருளையில் நசுங்கி முறுகி, ஈரத் தளத்தில் கிடந்து செம்பு நிறம் பெற்று, அடுப்பின் வெப்பக் காற்றில் கருத்து வெளிப்பட்டபின், நான்கு ஐந்து கிலோ பச்சையிலை ஒரு கிலோவாகச் சுருங்கிய நிலையில் அந்த அறையை வந்தடைகிறது. அங்கே வெவ்வேறு கண்ணளவுள்ள வலைகள் அதிர்ந்துகொண்டேயிருக்க, நீண்டு முறுகிய இலை ஓ.பி. (ஆரஞ்சு பீக்கோ) என்றும், உடைந்த இலை பி.ஓ.பி. என்றும், அதனினும் நுண்ணியது பி.ஓ.பி.எஃப். என்றும், கடைசியில் விழுவது டஸ்ட் என்றும் பிரிகின்றன. இவ்வெழுத்துகளில் வரும் ‘ஆரஞ்சு’ என்னும் சொல்லுக்கும் தோடம்பழத்துக்கும் எத்தகைய சம்பந்தமும் இல்லை; ‘பீக்கோ’ என்பதோ, இளந்தளிரின் வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லின் திரிபு. பொருள் மறைந்துபோன இந்தப் பெயர்களைத் தமிழ்ப் பெண்களும் சிங்களக் கணக்கரும் ஸ்கொத்லாந்துத் துரைமாரும் லண்டன் வியாபாரிகளும் ஒரே பொருளில் வழங்கினர் என்பது சாமானியமான காரியமன்று. மேலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: தரப்பெயர் இலையின் அளவைச் சொல்லுமேயன்றிச் சுவையின் உயர்வு தாழ்வைச் சொல்லாது. டஸ்ட் என்றவுடன் கழிவு என்று எண்ணுவது அறியாமை. நல்ல மலையின் டஸ்ட், சோம்பேறி ஸ்டோரின் ஓ.பி.யை வெல்லும். எதைப் பெயரால் கட்டுப்படுத்துவது, எதை மலையின் போக்குக்கு விடுவது என்று பகுத்தறிந்து நின்றதில்தான் அந்த ஏற்பாட்டை வகுத்தவர்களின் விவேகம் விளங்குகிறது.

மலையின் போக்கு என்று நான் சொல்வது ஊவாவில் வெறும் அலங்கார வார்த்தையன்று. ஆடி ஆவணியில், மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழையில் நனைந்துகொண்டிருக்க, அந்த மழையைத் தொலைத்துவிட்டு மலைமுகட்டைத் தாண்டி உலர்ந்து வீசும் கச்சான் காற்று ஊவாவின் செடிகளை வாட்டுகிறது. அந்த வாட்டத்தில் இலைக்குள் ஊறும் ஒரு நறுமணத்துக்காகவே உலகத்துச் சுவைஞர்கள் இம்மாகாணத்தின் பெயரை அறிந்து வைத்திருக்கின்றனர். தரப்பெயர்கள் எங்கும் ஒன்றாயிருக்க, அவற்றுள்ளே ஊவா ஊவாவாகவும் மேற்குப் பக்கத்துத் திம்புலை திம்புலையாகவும் இருக்க முடிந்தது.

ஆயினும் பெயர் மட்டும் போதுமா? 1883-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி கொழும்பில் சோமர்வில் கம்பெனியாரின் அலுவலகத்தில் தேயிலையின் முதல் பகிரங்க ஏலம் நடைபெற்றது. அன்று தொடங்கிய ஏலமே இம்முறைமையைக் காத்து நிற்கும் மெய்யான காவலாளி. ஒவ்வொரு ஸ்டோரும் தன் தோட்ட முத்திரையோடு பெட்டிகளையும் மாதிரிகளையும் அனுப்ப, தரகரின் நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். உலர்ந்த இலையைப் பார்த்து, வெந்த இலையை முகர்ந்து, சாற்றை உறிஞ்சித் துப்பி, சுவைஞர் தம் அபிப்பிராயத்தைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். அந்த அபிப்பிராயம் கொழும்போடு நின்றுவிடுவதில்லை. காம்பு மிகுதி, தீ அதிகம், புளிப்புக் குறைவு என்று குறை ஒவ்வொன்றும் ஸ்டோருக்குத் திரும்பி வந்து, டீமேக்கர் அடுப்பின் வெப்பத்தைத் திருத்துவார். குறை கொழுந்தில் இருந்தால் செய்தி மலைக்குப் போகும், கங்காணியின் குரல் உயரும், மட்டக்கம்பு இன்னும் கண்டிப்பாகச் செடிமேல் கிடக்கும். சென்ற வாரத்துப் பிழை அடுத்த வாரத்து விலையில் தெரிந்துவிடுவதால் எவரும் அசிரத்தையாக இருக்க இயலவில்லை. 1925-இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும், 1976-இல் தேயிலைச் சபை தோன்றியதும், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட கலப்பற்ற இலங்கைத் தேயிலைக்கு மட்டுமே சிங்க முத்திரை என்ற விதி வகுக்கப்பட்டதும் இதே சிரத்தையின் தொடர்ச்சியேயாகும். கோப்பையில் தேநீரை ஊற்றிப் பார்க்கும் முறைக்குக்கூட, நூறு மில்லிலீட்டர் நீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம் ஊறல் என்று 1980-இல் சர்வதேச நியமம் ஏற்பட்டுவிட்டது.

இவ்விடத்தில் தோமஸ் லிப்டனைச் சொல்லாமல் விட முடியாது. கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்திருந்த அந்த மனிதர் 1890-இல் இலங்கைக்கு வந்து, ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கி, தம்பேதன்னையில் பெரிய ஸ்டோர் ஒன்றைக் கட்டினார். மூன்று வருஷத்தில் ரயிலும் அப்புத்தளையை எட்டிவிட்டது. அக்காலத்தில் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பதே கடைவழக்கம். வாங்குகிறவளால் நிறையையும் நம்ப முடியாது, தரத்தையும் நம்ப முடியாது. லிப்டன் அதனைக் கால், அரை, ஒரு றாத்தல் பொட்டலங்களாகக் கட்டி, தம் பெயரைப் பொறித்து, றாத்தல் ஒரு ஷில்லிங் ஏழு பென்ஸ் என்று விலையையும் நிலைநிறுத்தினார். ஊருக்கு ஊர் தண்ணீர் வேறுபடுவதால் கலவையை மட்டும் அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்ப மாற்றினார். புறவடிவம் ஒன்று, உள்ளீடு தேசத்துக்கேற்ப என்ற அந்த யுக்தியைப் பிற்காலத்தில் எத்தனையோ தொழில்கள் கைக்கொண்டன.

இலையின் கதை இது. அதனைக் கிள்ளிய மனிதருக்கு வகுக்கப்பட்ட முறைமையும் நுணுக்கத்தில் குறைந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. தோட்டப் பகுதியைக் குறிக்கும் ஓர் எழுத்து, தோட்டத்தைக் குறிக்கும் ஓர் எண், ஆளைக் குறிக்கும் ஓர் எண் ஆகிய மூன்றும் அதில் பதிந்திருக்கும். கப்பலிலும் முகாமிலும் ரயிலிலும் எந்த உத்தியோகஸ்தரும் அந்த ஆளைப் பெயர் கேளாமலே சேரவேண்டிய மலைக்கு அனுப்பிவிட முடிந்தது. வழிச்செலவும் பிறகு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறிற்று. பொருளை அடையாளப்படுத்தும் கலையில் இதனை மிஞ்சிய சிக்கனம் அரிது. மனிதரை அடையாளப்படுத்த அது கையாளப்பட்டதென்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. தோட்டம் விட்டுத் தோட்டம் போகக் கடனைக் காட்டி எழுதித் தந்த காகிதத் துண்டோ இன்னும் கொடியது. ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அந்த வழக்கத்தை 1921-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஒழித்தது.

பெயர் என்ற சொல்லே தோட்டத்தில் வேறு பொருள் பெற்றது. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பிரிந்து, மாலையில் நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் அன்றைக்கு ஒரு ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’. செக்ரோல் என்னும் பதிவேட்டில் விழும் அந்தப் பேரே கூலி. எத்தனை பேர் போட்டாய் என்று தாய் மகளைக் கேட்பதில், ஒரு மனிதப் பிறவியின் ஒருநாள் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இனித் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வருவோம். கூரை பொதுவாய், சுவர் பொதுவாய், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவில் காம்பராக்கள் என்னும் அறைகள் வரிசையாக ஒட்டி நிற்க, முன்னால் இஸ்தோப்பு என்னும் தாழ்வாரம்; இரட்டை லயமானால் முதுகோடு முதுகாய் இன்னொரு வரிசை. பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹட்டனிலும் எங்கே போனாலும் லயம் லயமாகவே இருக்கும். கட்டுகிறவனுக்கு அதில் எத்தனை சௌகரியம்! ஒரு காம்பராவின் கணக்கை அறிந்தால் நூறு காம்பராவின் கல்லையும் தகரத்தையும் வாயாலேயே சொல்லிவிடலாம். ஆள் கூடினால் ஓரத்தில் இன்னொன்றை ஒட்டிவிடலாம். ஒரு முறைமைக்கு வேண்டிய இலட்சணங்களுள் எதுவும் அதில் குறையவில்லை. குறைந்தது ஒன்றே. கொழுந்தின் குறை கொழும்பிலிருந்து வாரந்தோறும் திரும்பி வந்தது. காம்பராவின் குறை திரும்பி வர வழியே வகுக்கப்படவில்லை. கூரை ஒழுகுவதைத் துரையின் கந்தோர் வாசலில் நின்று சொல்லலாம். ஆனால் அந்த ஒழுக்கு எந்த ஏலத்திலும் விலையைக் குறைக்கவில்லை.

ஆகவே குடியிருந்தவர்களே திருத்தினார்கள். இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் மறைத்து அடுப்படி செய்தனர். மகனுக்குக் கல்யாணமானபோது காம்பராவைச் சேலையால் இரண்டாக்கினர். தொங்கல் காம்பராக்காரர் பக்கவாட்டில் ஓர் இறக்கம் இறக்கினர். பீலியிலிருந்து மூங்கிலிலும் குழாயிலும் தண்ணீரை வாசலுக்குக் கொண்டுவந்தனர். வாசலில் ஒரு பிடி மண் கிடைத்தால் கறிவேப்பிலையும் சாமந்தியும் நட்டனர். லயத்து வாழ்வு எங்கெங்கே இடறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்த விசாரணைக் குழுவும் திரட்டியிருக்க முடியாது. வாழுகிறவரின் கையாலேயே எழுதப்பட்ட அந்தத் திருத்தங்களைத் தொகுத்து அடுத்த லயத்தைக் கட்டும்போது சேர்த்திருந்தால், ஐம்பது ஆண்டுகளில் லயம் ஒரு வீடாகியிருக்கும். அவை அனுமதியற்ற கட்டுமானம் என்று மட்டுமே எண்ணப்பட்டன.

பொறுப்பாளர் யார் என்ற கேள்வியும் விடையின்றியே கிடந்தது. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகி 1992-இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. கை மாறுந்தோறும் ஸ்டோரின் பொறுப்பு தவறாமல் கைமாறியது. லயத்தின் பொறுப்போ ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது சிறிதாக நழுவிற்று. ஊருக்குப் பாதையும் விளக்கும் கொடுக்க ஏற்பட்ட பிரதேச சபைகளும், தோட்டத்து எல்லைக்குள் பணம் செலவிட 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இடந்தரவில்லையென்று ஒதுங்கி நின்றன. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018-இல். தோட்டம் அரசைக் காட்ட, அரசு தோட்டத்தைக் காட்ட, நடுவே தகரம் துருப்பிடித்தது.

ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தை என்ற தோட்டப் பிரிவு உண்டு. மழை மிகுந்த சரிவில் லயம் கட்டியவர்கள், நீர் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடத் தேயிலை நிரைகளினூடே கான்களையும் வெட்டியிருந்தனர். கான் என்பதும் தோட்ட முறைமையின் ஓர் உறுப்பே, துப்புரவு செய்யாவிட்டால் இல்லாததற்குச் சமமான உறுப்பு. நாட்டில் மண்சரிவு அபாயத்தை வரைபடமாக்கும் வேலை 1990-களில் பதுளை, நுவரெலியா ஆகிய இரு மாவட்டங்களிலேயே முதலில் தொடங்கிற்று. மீரியபெத்தைக் குடியிருப்பு ஆபத்தான இடம், மக்களை அகற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை 2005-இலும் 2011-இலும் கொடுக்கப்பட்டது. குறை இம்முறை எழுத்திலேயே வந்து சேர்ந்தது; அதனைப் பெற்றுச் செயற்படுவது தன் கடமை என்று சொல்ல ஒருவரும் இல்லை. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி காலை, பெரட்டுக்குப் போகிறவர்கள் போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிற் சிலர் புறப்பட்டிருந்த வேளையில், மலை இளகி இறங்கி லயங்களை வரிசையோடு மூடிவிட்டது. புதையுண்டவர்களின் தொகையைப் பத்திரிகைகள் அன்று ஆளுக்கொன்றாக எழுதின. வாரந்தோறும் எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை கிலோ பி.ஓ.பி. புறப்பட்டது என்று பிசகாமல் சொல்லக்கூடிய ஒரு நாட்டில், ஒரு லயத்தில் எத்தனை உயிர்கள் உறங்கின என்பதை உடனே சொல்ல முடியாமற்போனது அந்நாளின் பெருந்துயரங்களுள் ஒன்றாக என் மனத்தில் நிற்கிறது.

தப்பியவர்களிற் பலர் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றில் தங்கவைக்கப்பட்டனர். கொழுந்து கெடாமலிருக்கக் காற்றும் வெளிச்சமும் அளந்து கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில், தட்டியும் துணியும் கொண்டு மறைத்த சிறு தடுப்புகளுக்குள் குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டு வருஷம் வாழ்ந்தன. 2016-இன் பிற்பகுதியில் பூணாகலைப் பக்கம் மாக்கல்தெனியவில் 75 தனி வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. தனிவீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற அளவு அக்காலத்தில் மலையகம் முழுவதும் வழங்கியது. உறுதிப்பத்திரத்தில் குடியிருப்பவரின் பெயரும் எழுதப்படுகிறது. இஸ்தோப்பை மறைத்து அடுப்படி செய்யப் பழகிய பெண்களிடம், இந்த வீட்டில் எதை எங்கே வைத்திருக்கலாம் என்று வரைபடம் வரைகிறவர் யாரேனும் ஆண்டுக்கொரு முறை போய்க் கேட்டு, கேட்டதை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது என் ஆசை. கேட்பதற்கு நல்ல காலம் மாசி பங்குனி. மழை குறைந்திருக்கும், மலையிலும் கொழுந்து குறைவாயிருக்கும், அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.